பீடோங் வெயிலில் எந்தப் பயோஇங்க் நிற்கும்?

இறுதியாண்டு ஆய்வுத் தலைப்புகளை ஒதுக்கி முடித்ததும் என் மேசை முன்னால் மாணவர்கள் வந்து நிற்பார்கள். "அக்கா, ஸ்கேஃபோல்ட் பிரிண்ட் பண்ண எதை ஆர்டர் பண்ணலாம்?" என்று கேட்பார்கள். மலேசியாவின் கெடாவில், பீடோங் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளர். வந்த பொருளைப் பிரித்துப் பதிவதும், குளிர்பெட்டியில் வைப்பதும், கரைசல் கலக்கிக் கொடுப்பதும், கடைசியில் ஊசியில் அடைத்ததைக் குத்தி எடுப்பதும் என் வேலை. ஆய்வுக் கட்டுரையில் பேராசிரியர் பெயரும் மாணவர் பெயரும் வரும். ஆனால் எந்தப் பொடி எப்போது கட்டி பிடிக்கும், எந்தக் கூழ் எந்த நேரத்தில் ஒழுகும் என்பது எனக்குத்தான் தெரியும். அதனால் எங்கள் மேசையில் நாங்கள் பயன்படுத்திப் பார்த்த பயோஇங்க்குகளை, அதாவது 3டி பிரிண்டரில் மைபோல ஊசி வழியாகப் பிழியும் பொருள்களைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பிள்ளைகளில் பலர் தோட்டத்து வீடுகளிலிருந்து வருபவர்கள், பிடிபிடிஎன் கல்விக் கடனில் படிப்பவர்கள். ஆய்வுக்குக் கிடைக்கிற சில நூறு வெள்ளியில் ஒரு தவறான பொருளை வாங்கிவிட்டால் அந்தப் பருவமே போய்விடும். இதை எழுதக் காரணமே அதுதான்.

புதிதாக வருகிறவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். செல்களை ஒரு தட்டில் விட்டால் அவை பரவித் தளமாக வளருமே தவிர, எலும்பாகவோ குருத்தெலும்பாகவோ வடிவம் எடுக்காது. அவை பிடித்து ஏறி வளர ஒரு சட்டகம் வேண்டும், அதுதான் ஸ்கேஃபோல்ட். செல்கள் தங்களுக்கான திசுவைத் தாங்களே கட்டிக்கொள்ள, சட்டகம் மெல்லக் கரைந்து வழி விட வேண்டும். லாங்கரும் வக்காந்தியும் 1993இல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை இந்தத் துறைக்கு ஒரு தொடக்கப் புள்ளி. பிரிண்டர் எதற்கு என்றால் துளைக்காகத்தான். எலும்புச் சட்டகத்தில் துளைகள் 300 மைக்ரானுக்கு மேல் இருப்பது நல்லது. ரத்தக் குழாயிலிருந்து 100, 200 மைக்ரான் தூரத்துக்கு அப்பால் போன செல்லுக்கு ஆக்சிஜன் ஒழுங்காகப் போய்ச் சேராது. துளையின் அளவையும் அது எங்கே இருக்க வேண்டும் என்பதையும் நாமே முடிவு செய்ய பிரிண்டர் கைகொடுக்கிறது. ஆனால் ஊசியிலிருந்து இறங்கும் இழை இறங்கிய இடத்தில் நிற்க வேண்டும். சரிந்து பக்கத்து இழையோடு ஒட்டினால் துளை போச்சு.

அந்த நிற்கும் குணத்தை முடிவு செய்வது பெரும்பாலும் வெப்பம்தான். அட்டைப்பெட்டியோடு வரும் தாளில் "அறை வெப்பநிலையில் பிரிண்ட் செய்யவும்" என்று ஒரு வரி இருக்கும். அதை எழுதியவரின் அறை 20, 22 டிகிரியில் இருக்கும். நம்முடைய அறை பிற்பகலில் 32 டிகிரி. குளிர்சாதனம் ஓடினாலும் கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்று உள்ளே வரும். மாலையில் ஜெராய் மலைப் பக்கம் இடி இடித்து மின்சாரம் போனால் அதுவும் இல்லை. ஆகவே ஒரு பயோஇங்க் நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால் நான் முதலில் பார்ப்பது அது எத்தனை டிகிரியில் கூழாகும், எத்தனை டிகிரியில் நீராகும் என்பதைத்தான். விலை அதற்கு அப்புறம்.

எல்லாரும் முதலில் கேட்பது ஜெல்மா. ஆய்வுக் கட்டுரை எதைத் திறந்தாலும் அதில் இந்தப் பெயர் இருப்பதால் பிள்ளைகளுக்கு அதன்மேல் ஆசை. ஜெலட்டினோடு மெத்தாக்ரிலேட் என்ற வேதித் தொகுதியைச் சேர்த்து, ஒளி பட்டால் கெட்டியாகும்படி செய்த பொருள் அது. பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்டது. உடம்பின் திசுக்களில் இருக்கும் கொலாஜன் புரதத்திலிருந்து வந்த பொருள் என்பதால் செல்கள் அதைத் தெரிந்து பிடித்துக்கொள்ளும். தங்கள் நொதிகளால் அதை அரித்து வழியும் போட்டுக்கொள்ளும். உயிரியல் பக்கம் நான் பார்த்ததில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. நல்ல பொருள் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் நம் வெயிலோடு அதற்கு ஒத்துவராது. பழுப்புப் புட்டியில் எடையே இல்லாத வெள்ளை நுரைத்துண்டுகளாக வரும். பத்து சதவீதக் கரைசலாக வெதுவெதுப்பில் கரைத்து, ஒளித்தூண்டியான எல்ஏபி கொஞ்சம் சேர்த்து, சிரிஞ்சில் ஏற்றிக் குளிரவைத்தால் கூழாகும். காலையில் குளிர்சாதனம் நன்றாகக் குளிர்த்திருக்கும்போது, 0.41 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள 22 எண் ஊசியில் இழை வழவழப்பாக, கண்ணாடிபோல் தெளிவாக இறங்கும். கட்டம் கட்டமாகத் துளைகள் தெரியும். அதே சிரிஞ்ச், அதே அழுத்தம், பிற்பகலுக்குப் போனால் ஊசி நுனியில் ஒரு சொட்டு தொங்க ஆரம்பிக்கும். அந்தச் சொட்டு விழுந்த இடத்தில் இழை அகலும். இரண்டாவது அடுக்கு போடும்போது சதுரத் துளையின் மூலைகள் உருண்டுபோயிருக்கும். மூன்றாவது அடுக்கில் துளையே இருக்காது, ஒரு குட்டைதான் மிஞ்சும். சரி, அதிகமாகக் குளிரவைக்கலாம் என்றால் கூழ் இறுகிப்போய், ஊசியிலிருந்து துண்டு துண்டாக உடைந்து வரும். நடுவில் இருக்கும் நல்ல இடம் சில டிகிரி மட்டுமே. அந்தச் சில டிகிரியைப் பிடித்து வைக்க சிரிஞ்சைச் சுற்றிக் குளிரூட்டும் உறை வேண்டும், பிரிண்ட் தட்டும் குளிர வேண்டும். சிரிஞ்சைச் சுற்றி ஐஸ் பை கட்டுவது உதவாது. ஒரு பக்கம் உறைந்து, மறுபக்கம் ஒழுகும்.

இன்னொன்று, ஒளி. எல்ஏபி 405 நானோமீட்டர் ஊதா ஒளியில் வேலை செய்யும். அந்த ஒளி வெயிலிலும் இருக்கிறது. ஜன்னலோரம் பிரிண்டர் இருந்தால் ஊசி நுனியிலேயே பொருள் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். சிரிஞ்சை அலுமினியத் தாளால் சுற்றுங்கள், ஜன்னலை மறையுங்கள். இதைக் கரைசல் கலக்கும் நாளிலிருந்தே செய்ய வேண்டும்.

ஜெல்மாவில் இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. நம் ஊரில் அதைத் தாண்டிப் போக முடியாது, தாண்டவும் கூடாது. இது எந்த விலங்கு? சந்தையில் கிடைக்கும் ஜெல்மாவில் பெரும்பகுதி பன்றித் தோல் ஜெலட்டினிலிருந்து வருவது. ஏ வகை ஜெலட்டின் என்று எழுதியிருந்தால் அமிலத்தில் பதப்படுத்தியது, பெரும்பாலும் பன்றி. பி வகை என்றால் காரத்தில் பதப்படுத்தியது, பெரும்பாலும் மாடு. எங்கள் கூடத்தில் ஒரே மேசையில் மலாய்ப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். ஒருவருக்கு ஒன்று சங்கடம், மற்றவருக்கு இன்னொன்று. என் அம்மாகூட நான் செய்யும் வேலையைப் பற்றிச் சொன்னபோது, "அதெல்லாம் எதுல இருந்து எடுக்கறாங்க?" என்றுதான் முதலில் கேட்டார். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவர் கேட்டது முழுக்க முழுக்க அறிவியல் கேள்வி என்றே நான் நினைக்கிறேன். நாளைக்கு ஒருவர் உடம்புக்குள் வைக்கப்போகிற பொருள் என்று சொல்லிக்கொண்டு, அது எதிலிருந்து வந்தது என்று தெரியாமல் இருப்பது சரியில்லை. அதனால் எங்கள் இருப்புப் பதிவேட்டில் பொருளின் பெயருக்குப் பக்கத்திலேயே மூலம் எது என்று எழுத ஒரு பத்தி போட்டிருக்கிறேன். ஏஜெண்டிடம் மூலச் சான்றிதழ் கேட்டு வாங்கி, அதைப் பார்த்து எழுதுகிறேன். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு விரும்பினால் தொடலாம், வேண்டாமென்றால் வேறு பொருளுக்குப் போகலாம்.

மீன் ஜெலட்டினில் செய்த ஜெல்மாவும் கிடைக்கிறது. இரண்டு சங்கடமும் தீர்ந்தது என்று சந்தோஷப்படலாம். ஆனால் குளிர்கடல் மீனிலிருந்து எடுத்தது சாதாரண அறையில் கூழாகவே ஆகாது. ஊசியில் இழுத்து நிறுத்தும் வேலைக்கு அது நம் ஊரில் ஆகாது. திரவத் தொட்டியில் ஒளியைப் பாய்ச்சி அடுக்கடுக்காகக் கெட்டியாக்கும் டிஎல்பி பிரிண்டர் இருந்தால், திரவமாகவே இருப்பதுதான் அங்கே நல்லது. அப்படியொரு இயந்திரம் வைத்திருப்பவர்கள் மீன் ஜெல்மாவைத் தயங்காமல் வாங்கலாம். இந்த வெயில் அதற்கு இடைஞ்சல் செய்யாது.

அடுத்தது கொலாஜன். இதில் எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. பொருளைப் பற்றி இல்லை, அது வந்து சேர்ந்த விதத்தைப் பற்றி. 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டிய கொலாஜன் கரைசலைக் கோலாலம்பூர் ஏஜெண்ட் ஒருவர் வியாழக்கிழமை அனுப்பினார். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். எங்கள் அலுவலகம் இரண்டு நாளும் மூடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் திறந்தபோது கூரியர்காரருக்கு விடுமுறை. திங்கட்கிழமை பெட்டி கைக்கு வந்தபோது உள்ளே இருந்த ஐஸ் பைகள் வெந்நீர்ப் பைகளாகியிருந்தன. கரைசலைப் பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை, தெளிவாகத்தான் இருந்தது. அங்கேதான் ஏமாறுவோம். நல்ல கொலாஜனை அமிலம் நீக்கி 37 டிகிரியில் வைத்தால் அரைமணி நேரத்தில் வெண்மையாக மங்கி, கெட்டியாகும். இது எத்தனை நேரம் வைத்தாலும் தெளிந்த நீராகவே நின்றது. வெப்பத்தில் கொலாஜனின் மூன்று இழைப் பின்னல் பிரிந்துபோனால் அப்புறம் அது வெறும் ஜெலட்டின். ஏஜெண்ட் கூரியரைக் கைகாட்டினார், கூரியர் ஏஜெண்டைக் கைகாட்டினார். அந்தக் கொலாஜனை நம்பியிருந்த மாணவி தலைப்பையே மாற்ற வேண்டிவந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கெடாவிலும் கிளந்தானிலும் திரெங்கானுவிலும் இருப்பவர்கள் குளிர்ப் பொருளுக்குத் திங்கட்கிழமை அனுப்பும்படி ஆர்டர் தாளிலேயே எழுதிவிடுங்கள். அவர்கள் மறுத்தால் வாங்காதீர்கள்.

கொலாஜனை இழையாக நிறுத்துவதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக் குழு 2015இல் காட்டிய ஃப்ரெஷ் முறை அது. ஜெலட்டின் துகள்கள் நிறைந்த கூழுக்குள்ளேயே ஊசியை விட்டு எழுத வேண்டும். எழுதியது விழாமல் அந்தக் கூழே தாங்கிக்கொள்ளும். முடிந்ததும் 37 டிகிரிக்குச் சூடாக்கினால் தாங்கிய கூழ் உருகிப் போய்விடும். 2019இல் அவர்கள் இதே முறையில் கொலாஜனால் இதயத்தின் பகுதிகளையே எழுதினார்கள். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் இங்கே அதைச் செய்ய அந்தத் தொட்டியையும் குளிராக வைத்திருக்க வேண்டும். தாங்க வேண்டிய கூழ் நம் பிற்பகலிலேயே தளர ஆரம்பித்துவிடும்.

இப்போது அல்ஜினேட்டுக்கு வருகிறேன். கையில் பணம் குறைவாக இருந்து, ஹைட்ரோஜெல்லில், அதாவது நீர் நிறைந்த கூழில்தான் வேலை செய்ய வேண்டும் என்றால் என் பதில் இதுதான். பழுப்புக் கடல்பாசியிலிருந்து எடுக்கும் பொடி. (சபாவின் செம்பூர்ணாவில் வளர்க்கிறார்களே, அந்தப் பாசி சிவப்பு வகை. அதிலிருந்து வருவது கேரஜீனன். நம் நாட்டில்தானே விளைகிறது என்று நினைத்து இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) உணவுத் தரத்து அல்ஜினேட் ஒரு கிலோவின் விலையைவிட ஒரு கிராம் ஜெல்மாவின் விலை அதிகம். பல் அச்சு எடுக்கும் அல்ஜினேட் பொடியும் மலிவாகக் கிடைக்கும், அதை மட்டும் வாங்காதீர்கள். அதில் கெட்டியாக்கும் சுண்ணாம்புச் சத்தும் நிரப்புப் பொடியும் ஏற்கெனவே கலந்திருக்கும். தண்ணீர் பட்டதுமே இறுகிவிடும். 'சோடியம் அல்ஜினேட்' என்று மட்டும் எழுதியிருக்க வேண்டும்.

அல்ஜினேட் கூழாவதற்கு வெப்பத்தைப் பார்ப்பதில்லை, கால்சியத்தைப் பார்க்கிறது. கால்சியம் குளோரைடு கரைசல் பட்டதும் இறுகும். வெளியே 22 டிகிரியா 32 டிகிரியா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். மங்கிலிருந்து வாளிக்கு வந்த ரப்பர் பாலில் மருந்து ஊற்றினால் உறைந்து கட்டியாகுமே, கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். உள்ளே நடப்பது வேறு. ரப்பர் பாலில் ஃபார்மிக் அமிலம் துகள்களின் மின்னூட்டத்தைத் தணிப்பதால் அவை ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. அல்ஜினேட்டில் ஒரு கால்சியம் அயனி இரண்டு சங்கிலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டையும் பிடித்துக்கொள்கிறது.

பொடியைத் தண்ணீரில் கொட்டிக் கலக்காதீர்கள். வெளியே பசையாகி உள்ளே காய்ந்த உருண்டைகள் உண்டாகும், அப்புறம் அவை கரையவே கரையாது. காந்தக் கலக்கி சுழன்றுகொண்டிருக்க, நீர்ச்சுழியின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். கலந்ததை இரவு முழுக்க மூடி வைத்தால் குமிழிகள் மேலேறிப் போய்விடும். குமிழியோடு சிரிஞ்சில் ஏற்றினால் இழை நடுவில் அறுந்துகொண்டே இருக்கும்.

மூன்று சதவீத அல்ஜினேட் மட்டும் என்றால் தட்டில் ஓடிவிடும். இதற்கு ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்து ஆய்வாளர்கள் ஒரு கலவை சொல்லியிருக்கிறார்கள். மூன்று சதவீத அல்ஜினேட்டோடு ஒன்பது சதவீத மெத்தில்செல்லுலோஸ். நம் ஊருக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது என்பேன். மெத்தில்செல்லுலோஸ் சூடு ஏற ஏறத் தளராமல் இறுகும் இனம். குளிர்ந்த நீரில்தான் கரையும். இழை கனமாக இறங்கி, இறங்கிய இடத்தில் அசையாமல் நிற்கும். கால்சியம் கொடுத்து அல்ஜினேட்டை இறுக்கிய பிறகு மெத்தில்செல்லுலோஸ் மெல்லக் கரைந்து வெளியேறும். எங்கள் மேசையில் பிற்பகல் நேரத்திலும் கட்டம் கட்டமாக நின்ற ஹைட்ரோஜெல் இது ஒன்றுதான்.

கால்சியம் தெளிக்கும்போது கிட்டே இருந்து பாருங்கள். 100 மில்லிமோலார் கரைசலை மேலே தெளித்ததும் இழையின் வெளிப்பக்கம் முதலில் இறுகும், உள்ளே இன்னும் இளகலாகத்தான் இருக்கும். இறுகும்போது கூழ் கொஞ்சம் நீரை வெளியே விட்டுச் சுருங்குவதால் சட்டகத்தின் நான்கு மூலைகளும் தட்டிலிருந்து லேசாக எழும். அவசரப்பட்டு எடுத்தால் நடுவில் கிழியும். பத்து நிமிடம் பொறுத்து, தட்டைக் கரண்டியை ஓரத்தில் மெல்ல நுழைத்து எடுத்தால் முழுதாக வரும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாகத் தெரியும். முதல் தடவை இதைச் செய்யும் பிள்ளைகள் யாரையாவது கூப்பிட்டுக் காட்டாமல் இருக்க மாட்டார்கள்.

அதை இரவில் பிபிஎஸ் என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலில் போட்டு வைக்காதீர்கள். அதிலுள்ள பாஸ்பேட் கால்சியத்தை இழுத்துக்கொள்ளும். காலையில் வீங்கித் தொளதொளத்துக் கிடக்கும். கழுவும் நீரில் கொஞ்சம் கால்சியம் இருக்கட்டும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அல்ஜினேட்டைச் செல்கள் பிடித்துக்கொள்வதில்லை. உள்ளே விட்டால் உயிரோடு இருக்கும், ஆனால் உருண்டையாகவே இருக்கும், கால் நீட்டாது. ஆர்ஜிடி என்ற ஒட்டும் பெப்டைடு சேர்த்த அல்ஜினேட் விலை அதிகம். ஜெலட்டின் கலந்தும் சமாளிக்கலாம், ஆனால் மறுபடி எந்த விலங்கு என்ற கேள்வி வரும். நம் உடம்பில் அல்ஜினேட்டை அரிக்கும் நொதியும் கிடையாது. உணவுத் தரத்துப் பொடியில் என்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு இருக்கக்கூடும் என்பதால் அது பழகுவதற்கும் வடிவம் பார்ப்பதற்கும் மட்டும்தான். குருத்தெலும்புச் செல்கள் உருண்டையாக இருப்பதையே விரும்புபவை என்பதால் அவற்றுக்கு மட்டும் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. ஸ்வீடனில் 2016இல் தொடங்கிய செல்லிங்க் நிறுவனம் முதலில் விற்ற பயோஇங்க்கும் அல்ஜினேட்டும் மரக்கூழின் மிக நுண்ணிய நாரான நானோசெல்லுலோஸும் சேர்ந்ததுதான். அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஓர் ஆசை. எங்கள் வாசலைத் தாண்டி நாள் முழுக்கச் செம்பனைக் குலை லாரிகள் போகின்றன. பழம் எடுத்த வெறுங்குலையிலிருந்து நானோசெல்லுலோஸ் எடுக்க முடியும் என்பதை நம் நாட்டு ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். மரத்துக்குப் பதில் நம் செம்பனை, நம் வெயிலுக்குத் தகுந்த ஒரு பயோஇங்க். யாராவது ஒரு மாணவர் இந்தத் தலைப்பை எடுத்தால் மேசையில் நான் கூடவே நிற்பேன்.

ப்ளூரானிக் எஃப்-127 என்ற செயற்கைப் பாலிமர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளிர்பெட்டியில் திரவம், மேசையில் கூழ். அதாவது ஜெலட்டினுக்கு நேர்மாறு. முப்பது சதவீதக் கரைசலை இரவு குளிர்பெட்டியில் கரையவிட்டு, காலையில் சிரிஞ்சில் ஏற்றினால் நம் வெயிலே அதைக் கெட்டியாக்கிவிடும். இழை அவ்வளவு நேர்த்தியாக வரும். தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும் என்பதால் சட்டகமாக நிற்காது. வேறொரு கூழுக்குள் குழாய் வழிகள் போடுவதற்கு, போட்டபின் குளிரவைத்துக் கழுவி எடுப்பதற்கு நல்லது. புது ஊசியை, புது அழுத்தத்தைச் சோதித்துப் பழகவும் இதையே கொடுக்கிறேன்.

எலும்புப் பக்கம் போகிறவர்களுக்குப் பிசிஎல்லைத் தவிர வேறெதையும் முதலில் சொல்ல மாட்டேன். பாலிகேப்ரோலாக்டோன், 60 டிகிரியில் உருகும் பிளாஸ்டிக். ஈரம் அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. குளிர்பெட்டி வேண்டாம், கூரியர் நான்கு நாள் தாமதமானாலும் கெடாது. மின்சாரம் போய் வந்தால் மறுபடி சூடாக்கித் தொடரலாம். இதற்குப் பின்னால் உள்ள வரலாறும் பக்கத்து ஊர் வரலாறுதான். சிங்கப்பூரின் ஆஸ்டியோபோர் நிறுவனம் பிசிஎல்லில் பிரிண்ட் செய்த எலும்புச் சட்டகத்துக்கு 2006இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி பெற்றது. 2012இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் மூச்சுக்குழாய் சுருங்கி மூடிக்கொண்ட ஒரு கைக்குழந்தைக்குப் பிசிஎல்லில் ஒரு தாங்கு உறையை அச்சடித்துப் பொருத்திக் காப்பாற்றினார்கள். குழந்தை வளர வளர அது கரைந்து போகும்படி செய்தது.

ஆனால் பிசிஎல்லுக்கும் நம் வெயில் கொஞ்சம் வேலை வைக்கிறது. இழை ஊசியிலிருந்து இறங்கியபின் இறுக நேரம் எடுத்துக்கொள்ளும். அறை சூடாக இருந்தால் இன்னும் தாமதம். இரண்டு இழைகளுக்கு நடுவில் பாலம்போல் போகும் இழை தொய்ந்துவிடும். ஒரு சின்ன விசிறியை நேராகத் திருப்பி வைத்து, வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும். இழைச் சுருளாக வாங்கினால், அது மெத்தென்றிருப்பதால், நீளமான குழாய் வழியாகத் தள்ளும் பிரிண்டரில் வளைந்து மடங்கிக்கொள்ளும். ஊசித் தலையிலேயே பல்சக்கரம் இருக்கும் பிரிண்டர்தான் இதற்குத் தோது. குழந்தைகள் விளையாடும் குறைந்த வெப்ப 3டி பேனாவுக்கு விற்கும் கம்பிகளில் பலவும் பிசிஎல்தான். நிறமும் வேறு சேர்மானமும் இருப்பதால் செல் பக்கமே கொண்டுபோகக் கூடாது, ஆனால் வடிவம் பழக அதைவிட மலிவானது கிடைக்காது. மருத்துவத் தரத்துக்குப் போனால் விலை பல மடங்கு ஏறும். செல் சோதனைக்கென்று கடைசித் தொகுதிக்கு மட்டும் அதை வாங்குங்கள்.

பிசிஎல் தண்ணீரை ஒட்டவிடாது, அதனால் செல்லும் எளிதில் ஒட்டாது. சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்தால் மேற்பரப்பு கரகரப்பாகி, நீர் பரவ ஆரம்பிக்கும். ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஊறவைக்கும் முன் முத்தாக நிற்கும் சொட்டு, அதன்பின் தட்டையாகப் படரும். கிருமி நீக்க ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள், 121 டிகிரியில் வெறும் உருகிய வட்டுதான் மிஞ்சும். எழுபது சதவீத எத்தனாலும் புறஊதா ஒளியும் போதும். கரைவதற்கு இரண்டு மூன்று ஆண்டு எடுக்கும். எலும்புக்கு அது பரவாயில்லை, தோலுக்கு ரொம்ப மெதுவு.

பிஎல்ஏ என்ற இன்னொரு பிளாஸ்டிக் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, சுங்கைப் பட்டாணியிலேயே வாங்கலாம். ஆனால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். காற்றாடக் கிடந்த சுருளை 200 டிகிரியில் உருக்கும்போது நீராவி படபடவென்று வெடித்து இழையில் ஓட்டை விழும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில்தான் வைக்க வேண்டும். கரையும்போது லாக்டிக் அமிலம் வேறு விடும். வகுப்பில் மாதிரி காட்ட வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு அடுத்து பார்க்க ஆசை, பிசிஎல்லோடு எலும்பின் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட் சேர்த்த கலவை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 2016இல் எடையில் 90 சதவீதம் ஹைட்ராக்சிஅபடைட் இருந்தும் வளைந்து கொடுக்கிற ஒன்றைச் செய்து காட்டினார்கள். கரைப்பானில் கலந்து சாதாரண அறையிலேயே பிழியும் முறை அது. சூடும் குளிரும் அதிகம் பார்க்க வேண்டியதில்லை என்றால் நமக்குத் தோதாகத்தான் இருக்கும். ஆனால் கரைப்பான் ஆவிக்கு நல்ல காற்றுப்போக்கி வேண்டும், எங்களுடையது இப்போது பழுதுபார்க்கப் போயிருக்கிறது.

இந்தப் பருவத்துக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கும் பட்டியலில் முதலிடம் பிசிஎல் மணிகளுக்கு. அப்புறம் சோடியம் அல்ஜினேட், மெத்தில்செல்லுலோஸ், ப்ளூரானிக். குளிரூட்டும் சிரிஞ்ச் தலைக்குத் தனியாக விண்ணப்பம் போட்டிருக்கிறோம். அது வந்து பொருத்திய பிறகுதான் ஜெல்மா, அதுவும் மூலச் சான்றிதழோடு. அதுவரை ஜெல்மாவில்தான் செய்வேன் என்று பிடிவாதமாக இருக்கும் பிள்ளைகளைக் காலை எட்டு மணிக்கு வரச் சொல்கிறேன். குளிர்சாதனத்தை முன்கூட்டியே போட்டு, கதவைச் சாத்தி, பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். பக்கத்துக் கல்லூரிகளில் இருப்பவர்கள் யாருக்காவது பழகிப் பார்க்க உணவுத் தரத்து அல்ஜினேட் வேண்டுமென்றால் என்னைக் கேளுங்கள். ஒரு முழுப் பொட்டலம் பிரிக்காமல் இருக்கிறது, ஈரம் ஏறுவதற்குள் பங்கிட்டுக்கொள்ளலாம்.